கறி நன்றாகத்தான் வெந்தது, காய்ச்சல் எங்கிருந்து வந்தது?

நான்கு வயதுச் சிறுவன் ஒருவனை, இரண்டு நாள் காய்ச்சலோடும் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோடும் என்னிடம் அழைத்து வந்தார்கள். மலப் பரிசோதனையில் கேம்பைலோபாக்டர் என்னும் பாக்டீரியா இருப்பது தெரிந்ததும், சில நாட்களுக்கு முன் வீட்டில் கோழி சமைத்தீர்களா என்று அவனுடைய தாயிடம் கேட்டேன். “சமைத்தோம் டாக்டர், ஆனால் கறி நன்றாக வெந்திருந்தது. அதுவும் இவன் கறியைத் தொடவே இல்லை, வெள்ளரிக்காய்தான் தின்றான்” என்றார். வெள்ளரிக்காயை எதன்மேல் வைத்து நறுக்கினீர்கள் என்று கேட்டபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். கறி வெட்டிய பலகையைக் குழாய் நீரில் அலசிவிட்டு, அதே பலகையில்தான் நறுக்கியிருக்கிறார்.

கோழியாலும் முட்டையாலும் வரும் நோய் என்றவுடன் எல்லோரும் அரைவேக்காட்டைத்தான் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் நான் கேட்டறிந்தவரை, பெரும்பாலான வீடுகளில் அடுப்பில் தவறு நேர்வதில்லை. அடுப்பில் ஏற்றுவதற்கு முந்தைய அரை மணி நேரத்திலும், இறக்கிவைத்த பிறகு வரும் சில மணி நேரத்திலும்தான் நேர்கிறது.

கேம்பைலோபாக்டர் 42 டிகிரி செல்சியஸ் அளவில் செழித்து வளரும். பறவைகளின் உடல் வெப்பமும் ஏறத்தாழ அதுவே என்பதால், கோழியின் குடலில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. கோழி நோயுற்றதுபோலத் தெரிவதே இல்லை. மனிதரை நோயில் தள்ள இதற்குச் சில நூறு கிருமிகளே போதும், அதாவது பச்சைக் கறியிலிருந்து வடியும் நீரில் ஒரு துளி. உடலில் புகுந்து இரண்டு முதல் ஐந்து நாட்கள் கழித்தே பெரும்பாலும் அறிகுறி காட்டும். கோழியாலும் முட்டையாலும் பரவும் மற்றொரு பாக்டீரியாவான சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலும் காட்டலாம், ஆறு நாட்கள் கழித்தும் காட்டலாம். ஆகையால் முந்தின இரவு சாப்பிட்ட ஏதோ ஓர் அப்பாவிப் பண்டத்தின்மேல் பழி விழுகிறது. வெள்ளரிக்காயை யாரும் நினைப்பதில்லை.

பச்சைக் கறியைக் குழாயடியில் கழுவுவது பற்றிச் சொன்னால் என் குடும்பத்தினரே ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை ஆண்டுகளாகக் கழுவித்தானே சமைக்கிறோம் என்றார்கள். எனவே ஒருநாள் கழுவு தொட்டியைச் சுற்றி வெள்ளைத் தாள்களை விரித்து, கறியின்மேல் சிவப்பு நிற உணவுச் சாயத்தைத் தடவி, வழக்கம்போலவே கழுவச் சொன்னேன். தாளை எடுத்துப் பார்த்தால், தொட்டியின் விளிம்பை ஒட்டிப் பெரிய பெரிய திட்டுகளும், ஒரு முழத்துக்கு அப்பால் உலரவைத்திருந்த தட்டுகளின்மேல் ஊசிமுனை அளவுப் புள்ளிகளும் இருந்தன. குடிநீர்க் குவளையின் விளிம்பிலும் இரண்டு புள்ளிகள் இருந்தன. அதன் பிறகு வாதம் நடக்கவில்லை.

கழுவுவதால் கிருமி குறைந்துவிடுவதில்லை. கறியில் ஒட்டியிருப்பது இடம் மாறுகிறது, அவ்வளவே. பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014-இல் பச்சைக் கோழியைக் கழுவ வேண்டாம் என்று தனியாக ஒரு பிரசாரமே நடத்தியது. சிறகுத் துணுக்கோ உறைந்த இரத்தமோ ஒட்டியிருந்தால் சமையல் தாளால் துடைத்தெடுக்கலாம். கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்பவர்கள், முதலில் அக்கம்பக்கத்துப் பாத்திரங்களை அகற்றிவிட்டு, அகன்ற பாத்திரத்தில் நீரை நிரப்பி, அதற்குள் கறியை மெதுவாக அமிழ்த்தி எடுங்கள்; பிறகு தொட்டியையும் குழாய்த் திருகையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். குழாய்த் திருகைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கறி பிசைந்த கையால் அதைத் திறந்து, சோப்பால் கையைக் கழுவி, அதே திருகைத் தொட்டு மூடினால் கை பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. பச்சைக் கறிக்கென ஒரு பலகையும் கத்தியும் தனியே இருப்பது நல்லது. இல்லையென்றால் காய்கறியை முதலில் நறுக்கி மூடிவைத்துவிட்டுக் கடைசியாகக் கறியை எடுங்கள்.

தயிரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்தால் கிருமி செத்துவிடும் என்பதை நம்ப வேண்டாம். ஃபிரீசரில் வைத்தாலும் சால்மோனெல்லா சாவதில்லை, உறங்குகிறது. உறைந்த கறியைச் சமையல் மேடையில் வைத்து இளகவிடும்போது, நடுப்பகுதி பனிக்கட்டியாக இருக்கையிலேயே மேற்பகுதி கிருமி பெருகும் வெப்பத்துக்கு வந்துவிடும். முந்தின நாளே எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், வடியும் நீர் வேறெதன்மேலும் சொட்டாதபடி ஒரு கிண்ணத்தில் வைத்து இளகவிட வேண்டும்.

வேகவைப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கறியின் தடித்த பகுதியின் உள்வெப்பம் 74 டிகிரியைத் தொட்டால் போதும். அந்த வெப்பத்தில் இந்தக் கிருமிகள் நொடிகளில் மடியும். முழுக்கோழியோ பெரிய தொடைத்துண்டோ அடிக்கடி சமைப்பவர்கள் ஓர் உணவு வெப்பமானி வாங்கி, அதன் முனை எலும்பில் படாமல் குத்திப் பார்க்கலாம். நிறத்தை மட்டும் நம்ப முடியாது. இளங்கோழியில் எலும்பு மச்சையின் நிறம் கசிவதால் நன்றாக வெந்த பிறகும் எலும்பை ஒட்டிச் சிவந்திருக்கும். மாறாக, உரிய வெப்பத்தை எட்டாத கறியும் வெளுத்து வெந்ததுபோலத் தோன்றலாம்.

இனி முட்டை. ஓட்டில் எச்சம் ஒட்டியிருந்தால்தான் ஆபத்து என்று முன்பு நினைத்திருந்தார்கள். சால்மோனெல்லாவில் ‘என்டரிடிடிஸ்’ என்னும் வகை கோழியின் சினைப்பையிலேயே தங்கி, ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் சென்றுவிடும் என்பது பிறகு தெரியவந்தது. பளபளப்பாக, கீறலின்றி இருக்கும் முட்டையிலும் அது இருக்கக்கூடும். இது அரிதுதான், அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு பழைய மதிப்பீட்டின்படி சுமார் 20,000 முட்டைகளில் ஒன்று. தனி முட்டைக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தரும். முப்பது நாற்பது முட்டைகளை ஒரே பாத்திரத்தில் உடைத்து அடித்துவைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பயன்படுத்தும் இடத்தில், ஒன்றில் இருந்தாலும் அத்தனையிலும் கலந்துவிடும்.

முட்டையின் வெள்ளைக்கருவுக்குக் கிருமியைத் தடுக்கும் ஆற்றல் உண்டு. இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கிருமிக்குக் கிடைக்காமல் செய்கிறது. நாட்கள் செல்லச் செல்ல, அதுவும் வெப்பமான இடத்தில் வைத்திருந்தால், மஞ்சள்கருவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு தளர்ந்து, அந்தக் காவல் உடைகிறது. முட்டையைக் குளிர்ச்சியாகவும் ஒரே வெப்பநிலையிலும் வைக்கச் சொல்வது இதனால்தான். குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததை வெளியே எடுத்து, வியர்க்கவிட்டு, மறுபடி உள்ளே வைக்காதீர்கள். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன, அந்த ஈரம் கிருமியை உள்ளே கொண்டுசெல்லும். வாங்கி வந்தவுடன் குளிர்ந்த நீரில் கழுவி அடுக்கிவைப்பதும் அதே தீங்கைச் செய்யும். நீரில் மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனை முட்டையின் வயதைச் சொல்லுமே தவிர, கிருமியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பச்சை முட்டையில் சத்து அதிகம் என்று உடற்பயிற்சி செய்யும் இளைஞர்கள் என்னிடம் வாதாடுவதுண்டு. 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேகவைத்த முட்டையின் புரதத்தில் 91 விழுக்காடு செரித்தது, பச்சை முட்டையில் 51 விழுக்காடே செரித்தது. பாதியை வீணாக்கிக்கொண்டு வயிற்றையும் பணயம் வைப்பானேன்? ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உண்பவர்கள் ஆகியோருக்கு மஞ்சள்கருவும் கெட்டியாகும்வரை வேகவைத்தே கொடுங்கள். வீட்டில் பச்சை முட்டையால் செய்யும் மயோனைஸை இவர்களுக்குத் தரவே வேண்டாம். நெடுநேரம் வேகவைத்தால் மஞ்சள்கருவைச் சுற்றித் தோன்றும் பச்சை வளையம் இரும்பும் கந்தகமும் சேர்ந்து உண்டாவது, தீங்கற்றது.

அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு நேர்வதற்கு நானே சாட்சி. விருந்தினர்களுக்காகப் பெரிய பாத்திரம் நிறையக் கோழி சூப் கொதிக்கவைத்து, ஆறட்டும் என்று மூடிவைத்தபடியே இரவு உறங்கப் போய்விட்டேன். காலையில் மூடியைத் திறந்தபோதும் நடுவில் கதகதப்பு இருந்தது; மணத்தில் ஒரு குறையும் இல்லை. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதிநிலையிலும் பிழைத்துக்கொள்ளும். ஆறிவரும் குழம்பு 45 டிகிரி அளவில் இருக்கும்போது பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். மருத்துவராக இருந்தும் கை நடுங்கத்தான் அதைக் கொட்டினேன். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள், விரலுயரத்துக்கு மிகாத ஆழமுள்ள தட்டையான பாத்திரங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்குள் ஆவி பறக்கச் சூடாக்கி உண்டுவிட வேண்டும்.

எச்சரிக்கையாக இருந்தும் வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் உப்பு-சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்குங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தேவைப்படாது; போக்கை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மலத்தில் இரத்தம், தணியாத காய்ச்சல், ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை, எழுப்பினால் சோர்ந்து விழுவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், இரவென்று பாராமல் குழந்தையை மருத்துவரிடம் கொண்டுவாருங்கள்.