தோல் ஓபில மனசுக்கும் ஒரு ஃபார்ம் வேணும்

சொரியாசிஸ் மாதிரி வருஷக்கணக்கா கூடவே இருக்கிற தோல் நோய்ல, எவ்வளவு எடத்துல பரவியிருக்கு, எவ்வளவு செவந்திருக்கு, எவ்வளவு செதில் இருக்குன்னு கணக்கு போட பாஸின்னு ஒரு ஸ்கோர் இருக்கு, 0ல இருந்து 72 வரைக்கும் போகும். ஆனா அந்த நம்பர வச்சு அந்த ஆள் மனசு எப்படி இருக்குன்னு சொல்லவே முடியாது. உடம்பெல்லாம் படை இருந்தும் வேல, வீடுன்னு நல்லா இருக்கவங்க உண்டு, நெத்தி ஓரத்துலயும் நகத்துலயும் மட்டும் இருந்து, சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு போறதயே விட்டவங்களும் உண்டு. அதனால தனியா கேட்டாதான் தெரியும்.

2015ல வெளியான ஒரு ஆய்வுக்காக ஐரோப்பாவுல 13 நாட்டுல தோல் ஓபிக்கு வந்த 3,600 பேருக்கு மேல கேட்டுப் பாத்தாங்க. டிப்ரஷன் இருக்கலாம்னு தெரிஞ்சவங்க சுமார் 10%, தோல் நோய் இல்லாதவங்கள்ல அது 4% தான். பதட்டம் 17%, மத்தவங்கள்ல 11%.

எப்படி கேக்குறாங்க? பிரிட்டன்ல கார்டிஃப்ங்கிற ஊர்ல ஃபின்லே, கான்னு ரெண்டு பேர் 1994ல கொண்டுவந்த டிஎல்க்யூஐ ஃபார்ம்ல 10 கேள்வி. போன ஒரு வாரத்துல அரிப்பு எவ்வளவு, கூச்சமா இருந்துச்சா, கடைக்கு போக தொந்தரவா இருந்துச்சா, துணி எடுக்கிறதுல மாத்தம் உண்டான்னு போகும். மொத்தம் 30, 10க்கு மேல போனா வாழ்க்கையில பெரிய பாதிப்புன்னு அர்த்தம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு, 'எனக்கு பொருந்தாது'ன்னு டிக் பண்ணா 0 மார்க், அப்போ வெளிய போறதயே நிறுத்திட்டவருக்கு விளையாட்டு, சினேகம்னு கேட்டா பொருந்தாதுன்னு போட்டுட்டு போயிடுவாரு, ஸ்கோர் கம்மியா வரும், உண்மையில அவருதான் ரொம்ப ஒடுங்கிப்போயிருப்பாரு. அதனால அந்த டிக் எங்கெல்லாம் விழுந்திருக்குன்னு டாக்டர் கண்டிப்பா பாக்கணும்.

இது வாழ்க்கை எவ்வளவு பாதிச்சிருக்குன்னு சொல்லுமே தவிர டிப்ரஷனான்னு சொல்லாது. அதுக்கு பிஹெச்க்யூ-9 இருக்கு, ரெண்டு வாரத்து நெலமய 9 கேள்வில கேக்கும், மொத்தம் 27, 10 இல்ல அதுக்கு மேல வந்தா கவனிக்கணும். ஆனா அதுல தூக்கம், பசி, சோர்வு எல்லாம் வருது. ராத்திரி பூரா அரிப்பால சொறிஞ்சுகிட்டு முழிச்சிருந்தவருக்கு மனசு நல்லா இருந்தாக்கூட தூக்கத்துலயும் சோர்வுலயும் மார்க் ஏறும். 1983ல வந்த ஹேட்ஸ் ஃபார்ம் இந்த பிரச்சனைய யோசிச்சே செஞ்சது, உடம்பு நோயோட ஆஸ்பத்திரிக்கு வரவங்களுக்குன்னு, அதனால தூக்கம், பசியெல்லாம் எடுத்துட்டாங்க. பதட்டத்துக்கு 7, டிப்ரஷனுக்கு 7 கேள்வி, ஏதாவது ஒரு பக்கம் 8 வந்தா மேல பேசணும்.

எந்த ஃபார்மும் நோய முடிவு பண்ணாது, யார்கிட்ட உக்காந்து பேசணும்னு மட்டும் காட்டும். பிஹெச்க்யூ-9ல கடைசி கேள்வி சாவப் பத்தின நெனப்பு, அதுக்கு 'இல்ல'ன்னு வராம வேற எது வந்தாலும் மொத்த ஸ்கோர் எவ்வளவுன்னு பாத்துகிட்டு இருக்கக்கூடாது, அன்னைக்கே பேசணும். பேச ஆளில்லாம ஃபார்ம் மட்டும் வாங்கி ஃபைல்ல சொருகினா அது அந்த நோயாளிக்கு செய்யுற துரோகம்னுதான் நான் சொல்லுவேன்.

டாக்டர் கேக்கலன்னா நீங்களே சொல்லுங்க, "ரெண்டு வாரமா எதுலயும் மனசு ஒட்டல"ன்னு ஒரு வரி போதும். இந்தியாவுல அரசோட மனநல உதவி லைன் டெலி மானஸ், 14416க்கு எந்நேரமும் காசில்லாம கூப்பிடலாம், தமிழ்லயும் பேசலாம்.