சூழல் மண்டலமா, சூழலமைப்பா?

போன வாரம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். இளங்கலை முதலாண்டு, சூழலியல் அடிப்படைத் தாள். 'சூழல் மண்டலம் என்றால் என்ன?' என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு ஒரு பிள்ளை, "ஓர் எல்லைக்குள் அடங்கிய பகுதி" என்று எழுதி, ஏற்காடு ஏரியை வட்டமாக வரைந்து வைத்திருந்தது. வட்டத்துக்கு வெளியே ஒன்றுமில்லை. பிள்ளையைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. குற்றம் சொல்லில் இருக்கிறது.

மூலச்சொல் எக்கோசிஸ்டம். 1935இல் ஆங்கிலேயத் தாவரவியலர் ஆர்தர் டான்ஸ்லி அச்சுக்குக் கொண்டுவந்தது. முன்பாதி கிரேக்க 'ஓய்கோஸ்', அதாவது வீடு. 1866இல் ஜெர்மானிய உயிரியலர் ஹெக்கேல் சூழலியலுக்குப் பெயர் வைத்ததும் இதை வைத்துத்தான். பின்பாதி, ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் உறுப்புகளின் கூட்டு. இதில் வேடிக்கை, தாவரவியலில் சொற்களைக் கண்டபடி புழங்குகிறார்கள் என்று சண்டை பிடிக்கத்தான் டான்ஸ்லி அந்தக் கட்டுரையையே எழுதினார். உயிர்களை மட்டும் எண்ணினால் போதாது, மண்ணும் காலநிலையும் சேர்ந்ததே முழுக்கூட்டு என்பது அவர் கட்சி.

சரி, மண்டலத்துக்கு வருவோம். வட்டம், அதிலிருந்து நிலப்பகுதி. கொங்கு மண்டலத்தில் பிறந்து, அஸ்தம்பட்டி மண்டல அலுவலகத்தில் வீட்டு வரி கட்டி, சித்த மருந்தை ஒரு மண்டலம் சாப்பிடும் சேலத்துக்காரருக்கு இந்தச் சொல்லில் எல்லைக்கோடு தெரியுமா, இயக்கம் தெரியுமா? பாடநூலிலேயே வளிமண்டலம் ஓர் உறை, காலநிலை மண்டலம் ஒரு பட்டை. 'நரம்பு மண்டலம் இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. அது உடம்புக்குள் இருப்பதால் யாருக்கும் நிலப்படம் தோன்றுவதில்லை. நிலத்தைப் பற்றிப் பேசும்போது தோன்றாமல் என்ன செய்யும்?

அளவும் கெடுகிறது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில், சில்வர் ஓக் நிழலில் மாணவர்களைச் சருகைக் கிளறச் சொன்னேன். மேலே அடிப்பக்கம் வெள்ளியாய் மினுக்கும் இலை. அதன் கீழ் பாதி கறுத்தது. அதற்கும் கீழ் நரம்பு மட்டும் மிஞ்சியது. நடுவே வெள்ளைப் பூஞ்சை இழை, தொட்டதும் சுருண்டுகொண்ட மரவட்டை, ஈர மண். "இந்த ஒரு சாண் இடமும் சூழல் மண்டலம்தான்" என்றேன். "இத்துணூண்டு மண்டலமா சார்?" என்று ஒருவன் சிரித்தான். சிரிக்க மாட்டானா பின்னே!

இலங்கையில் சூழற்றொகுதி என்கிறார்கள். பொருள் கச்சிதம். ஆனால் இங்கே ஏற்காடு தொகுதி என்றால் அடுத்த கேள்வி 'வேட்பாளர் யாரு?' என்பதுதான்.

என் ஓட்டு சூழலமைப்புக்கு. 'வீட்டு அமைப்பே நல்லா இருக்கு' என்கிறோமே, எது எதோடு எப்படிப் பொருந்தி நிற்கிறது என்பதைத்தானே சொல்கிறோம்? ஓய்கோசுக்கும் பக்கத்தில் வருகிறது. ஒன்று, சேர்த்து எழுத வேண்டும். முன்னால் 'சுற்று' கூடாது. 'சுற்றுச்சூழல் அமைப்பு' மரம் நடும் சங்கம். செய்தித்தளங்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன: 'ஸ்டார்ட்அப் சுற்றுச்சூழல் அமைப்பு வலுவாக உள்ளது'. முதலில் படித்தபோது, கம்பெனி வாசலில் வேப்பங்கன்று நடுகிறார்கள் போலும் என்று நினைத்தேன். மெஷின் துப்பியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கக்கூட மொழிபெயர்ப்பாளருக்கு நேரமில்லை.

அந்த விடைக்கு ஒரு மதிப்பெண் போட்டேன். மீதி ஒன்றைக் கேள்வித்தாள் எடுத்தவர்தான் தரவேண்டும்.