ஒரு சுண்டெலி என்ன செய்துவிடும்?

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் எலி நடமாட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது என் தொழில். "ஒரு சுண்டெலிதானே சார், என்ன பண்ணிடப் போகுது?" என்று சமையலறை ஆட்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது காஃப் தீவின் கதை.

தெற்கு அட்லாண்டிக்கில், பிரிட்டனுக்குச் சொந்தமான சிறு தீவு அது. ஊர், உலகம் எதுவும் கிடையாது. தென்னாப்பிரிக்க வானிலை நிலையத்தில் சிலர் இருப்பார்கள், அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டில் சீல் வேட்டைக்குப் போன கப்பல்களிலிருந்து சுண்டெலி அங்கே இறங்கியது. பூனை இல்லை, பாம்பும் இல்லை. சாதாரணச் சுண்டெலியைப்போல ஒன்றரை மடங்காகப் பெருத்துவிட்டது.

டிரிஸ்டான் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை ஏறக்குறைய முழுக்க இந்தத் தீவை நம்பித்தான் இருக்கிறது. சிறகை விரித்தால் மூன்று மீட்டர் வரும். இரண்டு ஆண்டுக்கு ஒரே முட்டை. குளிர்காலத்தில் தாயும் தந்தையும் இரை தேடிக் கடலுக்குப் போய்விட, குஞ்சு கூட்டில் தனியாக இருக்கும். இரவில் எலிகள் அதன் முதுகில் ஏறிக் கடிக்கின்றன. எலியைவிட நூறு மடங்குக்கு மேல் எடையுள்ள குஞ்சு, கொத்தி விரட்டாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தரையில் ஊர்ந்து வரும் எதிரியை அந்த இனம் கண்டதே இல்லையே! மறுநாள் இரவும் அதே புண்ணுக்கு வருகின்றன. அப்படியே சாகிறது. மற்றக் கடற்பறவைகளையும் சேர்த்து, ஆண்டுக்குச் சுமார் 17 லட்சம் முட்டைகளும் குஞ்சுகளும் எலிகளால் போகின்றன என்று ஒரு மதிப்பீடு உண்டு. மீன்பிடிக் கப்பல்களின் தூண்டிலில் பறவைகள் சிக்கிச் சாவது தனிக் கணக்கு.

2021இல் ஹெலிகாப்டரில் தீவு முழுக்க எலி மருந்து தூவினார்கள். அங்கே மட்டுமே வாழும் சில பறவைகள் மருந்தைத் தின்றுவிடக் கூடாதென்று அவற்றைப் பிடித்துக் கூண்டில் காப்பாற்றியிருந்தார்கள். அவ்வளவு பக்குவமாகச் செய்தும், அந்த டிசம்பரிலேயே கேமராவில் ஓர் எலி தெரிந்தது. கிடங்கில் மருந்து வைத்தால் அடுத்த வாரம் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். செங்குத்துப் பாறைத் தீவில் அது நடக்காது. மூன்று வாரத்தில் குட்டி போடும் பிராணி, மிச்சம் இருந்தால் கதை முதலிலிருந்துதான். ஆனாலும் முடியாத காரியம் இல்லை: தெற்கு ஜார்ஜியா தீவை 2018இல் எலி இல்லாத தீவாக அறிவித்தார்கள்.

வராமல் தடுப்பதுதான் மலிவு. கப்பலைக் கரையோடு கட்டும் கயிற்றில், எலி ஏறாமலிருக்க மாட்டும் வட்டத் தகரம் எங்கும் இருக்கிறது, ஆனால் பாதிக் கப்பல்களில் சரிந்து தொங்கும், எலி சுற்றிக்கொண்டு போய்விடும். சுண்டெலி பெரும்பாலும் கயிற்றில் ஏறுவதுகூட இல்லை. அரிசி மூட்டையோடும் காய்கறி அட்டைப்பெட்டியோடும் வருகிறது. ஆகவே மளிகை ஏற்றும்போது பெட்டியைத் தட்டிப் பாருங்கள், அடியைத் திருப்பிப் பாருங்கள். சீரகம் போலக் கறுப்பாகப் புழுக்கை கிடந்தால் அந்தப் பெட்டி கப்பலில் ஏற வேண்டாம். தீவுகளுக்குப் போகும் கப்பல் என்றால், கேப்டனிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.