வெள்ளைப் பொடி தெரிந்தால் சிலிகானைத் தேடாதீர்கள்

மறுபடியும் ஒன்று வந்திருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹோபி 16 கேட்டமரான், அதாவது இரட்டை உடல் பாய்மரப் படகு. பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்தும் ஸ்டே கம்பிகளைத் தாங்கும் தகடு கையால் அசைத்தாலே ஆடுகிறது. ரிவெட் இருந்த துளையில் பெரிய ஸ்க்ரூ, சுற்றிலும் அப்பிய சிலிகான். கேட்டால் எல்லோரும் சொல்லும் அதே பதில்: "எவர்சில்வர்தானே சார், துருப்பிடிக்காது."

எவர்சில்வருக்கு ஒன்றும் ஆகாதுதான். அரிபடுவது அதன் அடியில் இருக்கிற அலுமினியப் பாய்மரம். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்புத் தண்ணீர் நின்றால், கரைவது அலுமினியம் மட்டுமே. தகடு பளபளப்பதைப் பார்த்து நிம்மதியடையாதீர்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடி இருக்கிறதா, பெயின்ட் கொப்புளித்திருக்கிறதா என்று பாருங்கள். பொடி இருந்தால் உள்ளே துளை ஏற்கெனவே நீண்டிருக்கலாம். மெல்லிய சுவரில் ஸ்க்ரூவின் ஒன்றிரண்டு மரைதான் கடிக்கும். பாய் இழுத்துத் தளர்த்தும்போது அதுவும் அறுந்துபோகும். சிலிகான் எதையும் பிடித்து வைக்காது, தண்ணீரை உள்ளேயே பூட்டிவைக்கும். வினிகர் வாடை அடிக்கிற ரகமென்றால் அந்த அமிலமும் சேர்ந்து அரிக்கும்.

தகட்டைக் கழற்றாமல் ரிப்பேர் கிடையாது. முதலில் ரிவெட்டின் நடு ஆணியை மெல்லிய பஞ்ச் (punch) கருவியால் உள்ளே தட்டுங்கள். அந்த ஆணி கடினமானது. அதை விட்டுவிட்டு டிரில் வைத்தால் பிட் வழுக்கி, பக்கத்து அலுமினியத்தைக் குடையும். பிறகு 4.8 மி.மீ. பிட்டால் தலையை மட்டும் எடுத்து, மீதியைத் தட்டிவிடுங்கள். இறுகிப்போன ஸ்க்ரூவுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம். சூட்டில் அலுமினியக் கலவையின் பலம் போய்விடும். "வெல்டிங் வச்சு அடைச்சிடலாம்" என்பவரிடமும் அதே காரணத்துக்காகப் பாய்மரத்தைக் கொடுக்காதீர்கள்.

பொடியைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் விரிசலைச் சாயத்தால் காட்டும் டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள். ஸ்டே தகட்டின் துளையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால் அந்தப் பாய்மரத்தை அனுபவமுள்ள ரிக்கரிடம் (பாய்மரம், கம்பி வேலை பார்ப்பவர்) காட்டாமல் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது. விரிசல் இல்லை, துளை மட்டும் சற்றுப் பெருத்திருக்கிறது என்றால் 6.4 மி.மீ. ரிவெட்டுக்கு மாறலாம். அதற்கும் அடங்காவிட்டால் தகட்டைக் கொஞ்சம் நகர்த்துங்கள். புதுத் துளை பழையதிலிருந்து ரிவெட் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது தள்ளியிருக்க வேண்டும்.

ரிவெட் மோனல் (நிக்கல்-செம்புக் கலவை) அல்லது எவர்சில்வர், நடு ஆணி உட்பட. ஹார்டுவேர் கடை அலுமினிய ரிவெட் கயிறு மாட்டும் கிளீட்டுக்குக்கூடப் போதாது. நீளத்தைக் கண்மதிப்பில் வாங்காதீர்கள்: தகடு 2, சுவர் 2 என்றால் மொத்தம் 4 மி.மீ.; பெட்டியில் போட்டிருக்கும் பிடி அளவுக்குள் அது வர வேண்டும். தகட்டுக்கும் மரத்துக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட், ரிவெட் ஒவ்வொன்றிலும் அரிப்பைத் தடுக்கும் பசையான ட்யூராலாக் அல்லது டெஃப்ஜெல். செம்பு, கிராஃபைட் கலந்த கிரீஸ் இங்கே விஷம். சின்ன ரிவெட் கன் 4.8 மோனலை இழுக்காது. நீளக் கைப்பிடி உள்ளதை வாடகைக்காவது எடுங்கள்.

இன்னொன்று, யாரும் கேட்பதில்லை. இந்தப் பாய்மரத்துக்குள் தண்ணீர் புகக் கூடாது. கவிழ்ந்தால் படகு முழுக்கத் தலைகீழாகாமல் தடுக்கக் காற்றடைத்த மரம் உதவுகிறது. அதனால் உள்முனை மூடிய ரிவெட்டே நல்லது; வெறுமனே விட்ட பழைய துளைகளையும் அடையுங்கள். மரத்தைத் தூக்கிச் சாய்த்தால் களக் களக் என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

மரத்தை நிமிர்த்தும்போது தலைக்கு மேல் கரண்ட் கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிமிர்த்துங்கள். ஹோபி 16 மரத்தின் மேல்பகுதியை ஃபைபரில் செய்ய ஆரம்பித்ததே, மரம் கரண்ட் கம்பியில் பட்டு நேர்ந்த சாவுகளால்தான். கீழே இருப்பது இன்னமும் அலுமினியம்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு: தகட்டின் மேல் டேப் சுற்றியிருந்தால், பணம் கொடுக்கும் முன் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பிரிக்க மாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள்.