பத்துப் பேர் இல்லாவிட்டால் வழிபாடு செல்லாதா?

வட லண்டனில் வீடு வீடாகச் சென்று முதியவர்களுக்கு இயன்முறை சிகிச்சை அளித்துவரும் எனக்கு, இந்தக் குளிர்காலத்தில் இது மூன்றாவது அனுபவம்; யூத முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களான உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். இடுப்பு மூட்டு அறுவை முடிந்து நான்கு வாரமே ஆன யூதப் பெரியவர் ஒருவர், விடியற்காலையில் ஜெப ஆலயத்தின் படியில் வழுக்கி விழுந்தார். வாக்கர் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தது. அழைத்துச் சென்ற பராமரிப்பாளர் நம் தமிழ்ப் பெண்தான். "தனியாக வேண்டினால் அவர்கள் சட்டப்படி செல்லாதாமே, அக்கா" என்றார்.

யார் சொன்னது? 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த ஷுல்ஹான் அரூக் என்னும் சட்டநூல், சபையோடு சேர்ந்து வழிபட ஒருவர் முயல வேண்டும் என்கிறது. வர இயலாதவர் சபை வழிபடும் அதே நேரத்தில் இருந்த இடத்திலிருந்தே வழிபடட்டும் என்றும் உடனே சேர்த்துச் சொல்கிறது. இதற்கு மூலமாக, தல்மூது என்னும் பழைய யூதச் சட்ட விவாதத் தொகுப்பில் ஓர் உரையாடல் உண்டு. ஜெப ஆலயத்துக்கு ஏன் வரவில்லை என்று ரப்பி (யூத மதகுரு) இத்ஸ்ஹாக், ராவ் நஹ்மான் என்ற அறிஞரைக் கேட்கிறார்; முடியவில்லை என்கிறார் நஹ்மான். அதை உடல் தளர்ச்சி என்றே உரையாசிரியர் ராஷி விளக்குகிறார். இறைவன் ஒருவரே என்று அறிக்கையிடும் ஷெமாவும், நின்றபடி முணுமுணுப்பாகச் சொல்லும் அமிதா வேண்டுதலும் தனியாகச் சொன்னாலும் முழுமையாகச் செல்லும். பத்துப் பேர் சேர்ந்த மினியான் இன்றிச் சொல்லக் கூடாதவை இறந்தவர்களுக்காகவும் சொல்லப்படும் கத்தீஷ் என்னும் துதி, சபையாகச் சொல்லும் கெதுஷா, பாரெகூ, யூத வேதமான தோராவின் முறைப்படியான வாசிப்பு போன்றவை.

அதற்காக "வீட்டிலேயே வேண்டிக்கொள்ளுங்கள்" என்று அலட்சியமாகச் சொல்லிவிடும் மருத்துவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. இந்தப் பெரியவர் இறந்துபோன தம் அண்ணனுக்காகக் கத்தீஷ் சொல்லிக்கொண்டிருந்தார். தனி அறையில் அதைச் சொல்ல முடியாது. அவருக்கு வேண்டியது அறிவுரை அன்று, இன்னும் ஒன்பது பேர். ரப்பியிடம் ஒரு வார்த்தை சொன்னால், அவர்களை வீட்டுக்கே வரச் செய்ய வழி பிறக்கும். ராவ் நஹ்மானிடமும் பத்துப் பேரைத் திரட்டலாமே என்றுதான் கேட்டார்கள். ஆசாரச் சபைகளில் 13 வயது நிறைந்த யூத ஆண்களையே எண்ணுவார்கள். சீர்திருத்தச் சபைகளில் பெண்களும் சேர்வார்கள். ஒருமுறை ஒன்பது பேர் கூடியிருந்தபோது என்னை ஏக்கத்தோடு பார்த்தார்கள், ஆனால் நான் கணக்கில் வரமாட்டேன்.

வீட்டில் வழிபட்டாலும் கவனம் தேவை. அமிதாவின் முடிவில் மூன்று அடி பின்னால் எடுத்துவைத்து, குனிந்து வணங்குவார்கள். பின்னடி வைப்பதும் குனிவதும் புதிய இடுப்பு மூட்டுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நோயாளி படுத்தபடியே வழிபடலாம் என்று சட்டமே இடம் தருகிறது. அதை நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார், ரப்பியை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எழுந்துதான் நிற்பேன் என்றால், கைப்பிடி வைத்த உறுதியான நாற்காலியை முதுகுக்குப் பின்னால் போட்டு, நீங்களும் அருகிலேயே நில்லுங்கள். ஜெப ஆலயத்தின் வழிபாட்டு நேரத்தைக் கேட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள். இருட்டில், ஈரப் படியில், வாக்கர் இல்லாமல் மட்டும் தயவுசெய்து அழைத்துப் போகாதீர்கள், தங்கச்சி.