பார்மட் போடுவதற்கு முன்னால்

கணினி ஸ்லோவாகிவிட்டது என்று போனில் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, மெல்ல மெல்ல ஆனதா, திடீரென்று ஆனதா என்பதைத்தான். வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்திருந்தால் பெரும்பாலும் அவசரம் இல்லை. புரோகிராம்கள் பெருத்துவிட்டன, இருக்கிற ரேம் (தற்காலிக நினைவகம்) போதவில்லை, நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் "போன வாரம் வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்ததுங்க, இப்போ எதைத் தொட்டாலும் வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது" என்றால் அந்த ஒரு வாரத்துக்குள் ஏதோ நடந்திருக்கிறது. ஓர் அப்டேட் வந்திருக்கலாம், புதிதாக ஒரு சாஃப்ட்வேர் ஏற்றியிருக்கலாம், உள்ளே ஃபேன் நின்றிருக்கலாம். அல்லது ஹார்ட் டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கலாம். ஆபத்தானது இந்தக் கடைசிக் காரணம்தான். யாருக்கும் அது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

அடுத்த வாக்கியம் பெரும்பாலும் இப்படி வரும்: "ஒரு பார்மட் போட்டுக் குடுத்துடுங்க." திருப்பூரில் கணினி சர்வீஸ் தொழிலில் இருக்கும் எனக்கு இது தினசரிப் பேச்சு. கடைக்காரர்களிலும் பலர் உடனே சரி என்று சொல்லிவிடுகிறார்கள். பார்மட் போட்டால் டிஸ்கில் இருப்பது அழியும். அதன் மேல் புது விண்டோஸ் ஏறும்போது பழைய கோப்புகள் இருந்த இடங்களில் புதிதாக எழுதப்படும். எழுதப்பட்ட இடத்திலிருந்து எதையும் மீட்க முடியாது. குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள், அப்பாவின் குரல் பதிவு, ஐந்து வருடக் கணக்கு வழக்கு எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் போய்விடும். அதனால்தான் கணினி திடீரென்று மந்தமானால் முதல் வேலை கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வைப்பது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். காரணம் தேடுவதும் பழுது பார்ப்பதும் அதற்கப்புறம்.

ஹார்ட் டிஸ்க் சாகும்போது கணினி ஏன் ஸ்லோவாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இதன் அவசரம் புரியும். லேப்டாப்களில் இருக்கும் பழைய வகை டிஸ்கின் உள்ளே உள்ள தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. அதாவது ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி நொடி. தட்டின் மேல் ஓரிடம் பழுதாகி அதைப் படிக்க முடியவில்லை என்றால், டிஸ்க் உடனே கைவிடாது. அடுத்த சுற்றில் மறுபடி முயலும், அதற்கடுத்த சுற்றிலும் முயலும். இப்படியே பல நொடிகள் போகும். அதுவரை விண்டோஸ் காத்திருக்கிறது, நீங்களும் காத்திருக்கிறீர்கள். மவுஸ் மட்டும் நகரும், எதைச் சொடுக்கினாலும் அசையாது, அப்புறம் திடீரென்று எல்லாம் சேர்ந்து திறக்கும். இதை நீங்கள் பார்த்திருந்தால் மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் ஒரு வெளி டிஸ்கைத் தேடி எடுங்கள்.

இதை உறுதிசெய்து பார்க்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் டிஸ்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆக்டிவ் டைம் 100 சதவீதத்தில் நிற்கிறதா? அது மட்டும் பழுதுக்கு அடையாளம் இல்லை. அப்டேட் ஓடினாலும், பெரிய கோப்பு காப்பி ஆனாலும் 100 காட்டும். அதன் கீழேயே படிக்கும் வேகம், எழுதும் வேகம், ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் ஆகியவை இருக்கும். நல்ல ஹார்ட் டிஸ்க் முழு வேலையில் இருந்தால் வேகம் பல மெகாபைட்டில் ஓடும், ரெஸ்பான்ஸ் டைம் சில பத்து மில்லி நொடிகளில் இருக்கும். டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டுகிறது, ஆனால் வேகம் சில கிலோபைட்தான், ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லி நொடி என்றால், பழுதான இடத்தில் டிஸ்க் மாட்டிக்கொண்டு தவிக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்கே தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படித்துக் காட்டும். அதில் பழுதான இடங்களைச் சொல்லும் 05, சி5, சி6 என்ற வரிகளின் ரா வேல்யூஸ் கட்டத்தில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்து, மேலே மஞ்சளில் எச்சரிக்கை காட்டினால் அந்த டிஸ்கை இனி நம்பக் கூடாது. நீலத்தில் நன்றாக இருக்கிறது என்று காட்டினாலும் முழு உத்தரவாதம் இல்லை. அந்த எண்கள் ஏறாமலே செத்துப்போகும் டிஸ்க்குகளும் உண்டு.

இந்த நிலையில் செய்யக் கூடாதவை சில. விண்டோஸிலேயே இருக்கும் செக் டிஸ்க் என்ற டிஸ்க் சோதனையை ஓட்டாதீர்கள். முழுச் சோதனை கொடுத்தால் அது டிஸ்க் முழுவதையும் தேய்த்துப் படித்து, கெட்ட இடங்களில் இருந்தவற்றை ஒதுக்கிவிடும். சாகக் கிடக்கும் டிஸ்கை அது முடித்தே வைத்துவிடலாம். சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் வேண்டாம். கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் இலவசச் செயலிகளும் வேண்டாம். டிக் டிக் என்று சீரான சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். அதற்குப் பின் அந்த டிஸ்கைத் தரவு மீட்பு செய்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு புது டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு வரும்.

சத்தம் இல்லை, கோப்புகள் மெதுவாகவாவது திறக்கின்றன என்றால் காப்பி எடுக்கத் தொடங்குங்கள். முழு டிரைவையும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டாம். மறுபடி கிடைக்காதது எதுவோ அதை முதலில் எடுங்கள். சினிமாவும் பாட்டும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஃபோல்டரில் நின்றுவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். போட்டோ ஃபோல்டரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் மறந்துபோகும். நம் ஆட்கள் பாதிக் கோப்புகளை வைத்திருப்பது அங்கேதான். டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் அதன் டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்து எடுக்க வேண்டும். அது பெரும்பாலும் டாக்குமென்ட்ஸில் இருக்காது.

இன்னொன்று, தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் உங்களிடம் இருந்தால், கோப்பை மட்டும் எடுத்தால் போதாது. எழுத்துருவையும் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து சேர்த்து எடுங்கள். புது விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் பத்து வருடம் அடித்த கட்டுரைகளும் கவிதைகளும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும். கோப்பே கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

சரி, கோப்புகள் பத்திரம். டிஸ்கும் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் வேறு காரணம் தேடலாம். அதற்கும் அதே டாஸ்க் மேனேஜர்தான்.

முதலில் ஒரு ரீஸ்டார்ட். "தினமும் அணைக்கிறேனே" என்பார்கள். விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி வந்தது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் தன் உள்பகுதியின் நிலையை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு எழும். எனவே நீங்கள் தினமும் அணைத்தாலும் அதன் உள்பகுதி பல நாளாகத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கலாம். சிபியு பகுதியில் அப் டைம் என்ற இடத்தைப் பார்த்தால் நாள் கணக்கு தெரியும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையிலேயே புதிதாகத் தொடங்கும். இது மட்டுமே போதுமாகிவிடும் வீடுகள் நிறைய.

பெரிய அப்டேட் வந்த பிறகு ஒன்றிரண்டு நாள் மந்தமாக இருப்பது இயல்பு. பின்னால் கோப்புகளை அட்டவணைப்படுத்தும் வேலை, வைரஸ் சோதனை எல்லாம் நடக்கும். இரவு கணினியை ஓடவிட்டுப் பாருங்கள். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததை ஒட்டி, தகுதி இல்லாத பழைய இயந்திரங்களில் கூட விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றியவர்கள் நிறைய. 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு. அந்த 4 ஜிபியில், சுற்றும் டிஸ்கோடு ஓட்டினால் பொறுமை போய்விடும். மேம்படுத்தி 10 நாட்களுக்குள் என்றால் செட்டிங்ஸிலேயே பழைய பதிப்புக்குத் திரும்ப வழி இருக்கும். ஆனால் 10-க்குத் திரும்பினால் பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து கிடைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெமரி பகுதியில் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். 8 ஜிபி போட்ட கணினி 4 என்று காட்டுகிறதா? இரண்டு ரேமில் ஒன்று தளர்ந்திருக்கலாம். டெஸ்க்டாப் என்றால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி அதன் பித்தளை நிறப் பகுதியை அழி ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி கிளிக் என்று உட்காரும்படி போட்டால் பல நேரம் சரியாகிவிடும். லேப்டாப்பை நீங்களே திறக்க வேண்டாம்.

அப்புறம் சூடு. எங்கள் ஊருக்கே உரிய தொல்லை இது. பனியன் கம்பெனிகளில் பறக்கும் பஞ்சு, பல்லடம், சோமனூர் பக்கம் வீட்டோடு விசைத்தறி ஓடும் இடங்களில் பறக்கும் நூல் தூசி, எல்லாம் ஃபேன் வழியாக உள்ளே போய் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளின் மேல் கம்பளி போலப் படிந்துவிடுகிறது. காற்று போக வழி இல்லை. பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். போட்டதும் நன்றாக ஓடி, கால் மணி நேரத்தில் மந்தமாகிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிபியு பகுதியில் ஸ்பீட் என்ற எண், பேஸ் ஸ்பீட் என்பதைவிட வெகு கீழே, வேலை ஓடும்போதும் அங்கேயே நின்றால் பெரும்பாலும் இதுதான். தகட்டைச் சுத்தம் செய்து பிராசசரின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் போதும், புதுக் கணினி தேவையில்லை. லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து ஓட்டும் வழக்கத்தையும் விடுங்கள். சில லேப்டாப்களில் வேறொரு காரணத்தாலும் வேகம் அடிமட்டத்தில் நிற்கும். சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் அவை வேகத்தைக் குறைத்துவிடும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வேகம் திரும்பினால் குற்றவாளி சார்ஜர்தான்.

கிராக் சாஃப்ட்வேர், அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டு மென்பொருள் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. விலை கொடுக்காமல் போட்டோ எடிட்டிங் மென்பொருள் வேண்டும் என்று வீட்டுப் பிள்ளைகள் எங்கிருந்தோ இறக்குகிறார்கள். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று அதிலேயே எழுதியிருக்கும். அந்தக் கதவு வழியாகத்தான் உங்கள் கணினியை வைத்துக் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்கள் நுழைகின்றன. நீங்கள் எதுவும் செய்யாதபோது ஃபேன் அலறும், டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கிவிடும். அப்படி ஒளிந்துகொள்ளத் தெரிந்தவை உண்டு. விண்டோஸ் செக்யூரிட்டியில் இருக்கும் ஆஃப்லைன் ஸ்கேன் இவற்றுக்கு நல்லது. விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிப்பதால் ஒளிய இடம் இருக்காது. இதைவிடக் கொடியது, மந்தமாவதோடு கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டத் தொடங்குவது. அது பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர். உங்கள் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருப்பதால்தான் கணினி திணறுகிறது. முறையாக ஷட் டவுன் செய்யக் காத்திருக்காமல் மின்சாரத்தைத் துண்டியுங்கள். லேப்டாப் என்றால் பவர் பட்டனை அணையும் வரை அழுத்திப் பிடியுங்கள். இன்னும் பூட்டப்படாத கோப்புகளாவது மிஞ்சும். வெளி டிஸ்க் செருகியிருந்தால் அதையும் உடனே கழற்றுங்கள்.

கணினி ஸ்லோவாக இருக்கும் நேரம் பார்த்துத் திரை முழுக்க ஒரு எச்சரிக்கை வந்து, சைரன் ஒலிக்க, இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று சொன்னால் அழைக்காதீர்கள். அது பிரௌசரில் திறந்த ஒரு பக்கம் மட்டுமே. டாஸ்க் மேனேஜரில் பிரௌசரை முடித்தால் போய்விடும். திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொல்பவரிடம் சிக்கினால் வங்கிக் கணக்கு வரை போய்விடுவார். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

டிஸ்க்தான் பழுது என்று முடிவானால் அதற்குப் பதில் சுற்றும் தட்டு இல்லாத, வேகமான எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களைக் கூட எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதில் எடை குறைந்த லினக்ஸ் ஏற்றி, பிள்ளைகளுக்குப் படிக்கவும் தட்டச்சு பழகவும் கொடுக்கலாம். எஸ்எஸ்டி சாகும்போது பெரும்பாலும் இப்படி மந்தமாகி எச்சரிக்காது, ஒரு நாள் காணாமல் போய்விடும். அதனால் மாற்றிய பிறகும் மாதம் ஒருமுறை வெளி டிஸ்கில் காப்பி எடுக்க வேண்டும். எடுத்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

சர்வீஸ் முடிந்து கணினியை வாங்கும்போது பழைய டிஸ்கையும் கேட்டு வாங்குங்கள். கடையில் விட்டுவிட்டு வர வேண்டாம். அதில் உங்கள் ஆதார் நகல், பாஸ்புக் ஸ்கேன், குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கும். சில மாதம் பீரோவில் வைத்திருங்கள், எடுக்க மறந்த கோப்பு ஏதாவது நினைவுக்கு வரலாம். இனித் தேவையில்லை என்று தெரிந்தபின், தட்டுகளில் துளை போட்டுவிட்டுத்தான் பழைய இரும்புக்குப் போட வேண்டும்.