மின்சைக்கிளில் மூட்டை கட்டும் கணக்கு

பென்னாகரம் தாண்டி, ஒகேனக்கல் இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், பின்சக்கரத்துப் பக்கமிருந்து 'டக் டக்' என்று சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தேன். கேரியரின் இடது காலைச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட் பாதி கழன்று வெளியே வந்திருந்தது. ஓட்டையைச் சுற்றி பெயிண்ட் தேய்ந்து, அலுமினியம் வெள்ளி வளையம் போலப் பளபளத்தது. வளையத்தின் ஓரத்தில் மை மாதிரி கறுப்புப் பொடி. தொட்டால் விரலில் ஒட்டியது. அதற்குக் கீழே காட்டுப் பாதை, யானை நடமாட்டம் உள்ள இடம். வண்டியைத் திருப்பி, பென்னாகரத்தில் ஒரு பஞ்சர் கடையில் கட்டுக்கம்பி வாங்கிச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அந்தக் கறுப்புப் பொடிதான் என்னை இதைப் பற்றி யோசிக்க வைத்தது.

என்னுடையது மின் மோட்டார் வைத்த கிராவல் பைக். கப்பி ரோடு, மண் ரோடு எல்லாவற்றுக்கும் ஏற்றபடி 40 மில்லிமீட்டர் டயர், பந்தய சைக்கிளைப் போல வளைந்த ஹேண்டில்பார், பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பிலேயே சிறிய மோட்டார், பெடலிலிருந்து மேலேறும் சாய்குழாய்க்குள் 250 வாட் மணி பேட்டரி. நாம் மிதித்தால்தான் மோட்டாரும் தள்ளும். 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கிற இப்படிப்பட்ட சைக்கிளுக்குப் பதிவு எண்ணும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். ஏத்தர் ஸ்கூட்டர் ஓசூரிலும் ஓலா ஸ்கூட்டர் போச்சம்பள்ளியிலும் தயாராகிற கிருஷ்ணகிரி மாவட்டம் எங்களுடையது. மின்வண்டி என்றதும் எங்கள் ஊரில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "சார்ஜ் எவ்வளவு தூரம் வரும்?" என்பதுதான். பை மாட்டினால் அடுத்த கேள்வி, "இவ்வளவு வெயிட் வெச்சா சார்ஜ் நிக்குமா?"

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். உயரத்தில் சுமார் 400 மீட்டர் ஏற்றம். 10 கிலோ சாமானை 400 மீட்டர் மேலே தூக்க 10 × 9.8 × 400, அதாவது 39,200 ஜூல் வேண்டும். ஒரு வாட் மணி என்பது 3,600 ஜூல். ஆக 11 வாட் மணி. டயர் உருளும்போது ஏற்படுகிற இழப்பு தனி. தரையை அழுத்தும் எடையில் ஆயிரத்தில் எட்டு பங்கு விசை அதற்குப் போகிறது என்று வைத்தால், அந்த 10 கிலோவுக்காக 50 கிலோமீட்டரில் இன்னொரு 11 வாட் மணி. மோட்டாரில் சூடாகி வீணாவதையும் சேர்த்தால் மொத்தம் 30 தொடும். அதில் பாதியை நம் கால் கொடுத்துவிடும். பேட்டரியிலிருந்து போவது 15 வாட் மணி போல, நூற்றுக்கு ஆறு.

காற்றுக்குக் கொடுப்பது இதைவிடப் பெரிய தொகை. சமதளத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து 50 கிலோமீட்டர் போனால், காற்றைப் பிளக்க மட்டும் 160 வாட் மணி அளவுக்குச் செலவாகும். இரண்டு பக்கமும் அகலமாகப் பை நின்று காற்றுத்தடையைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினாலே 16 வாட் மணி போச்சு. 10 கிலோவை ஓசூர் உயரத்துக்கு ஏற்றுவதைவிட இது அதிகம். ஆகவே சார்ஜை நினைத்துக் கவலைப்படுகிறவர் பையின் எடையைவிட அகலத்தைக் குறைப்பது நல்லது. துணி உப்பிக்கொண்டு நிற்காமல் காற்றை அமுக்கி வெளியேற்றிச் சுருட்டிக் கட்டினாலே பாதி வேலை முடிந்தது.

சரி, எடையால் ஒன்றுமே ஆகாதா? ஆகும். அது எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பொறுத்து ஆகும்.

எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவரும் அண்ணன் டிவிஎஸ் 50-இல் வருவார். 1980-இல் ஓசூர் ஆலையிலிருந்து வெளிவந்த வண்டி அது. எங்கள் பக்கத்தில் அது சுமக்காத சுமை கிடையாது. கேன்களை அவர் கேரியருக்கு மேலே வைப்பதே இல்லை. இரண்டு பக்கமும் கொக்கியில், அச்சுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி தொங்கவிடுவார். கேட்டதற்கு, "மேல வெச்சா வண்டி நம்ம பேச்சக் கேக்காது தம்பி" என்றார். இயற்பியல் சொல்வதும் அதைத்தான். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது சைக்கிள் இடமும் வலமுமாக ஆடும். ஒவ்வொரு ஆட்டத்திலும் சுமையையும் சேர்த்து ஆட்டித் திருப்புவது நம் கைதான். அதற்கு வேண்டிய முயற்சி, தரையிலிருந்து சுமை இருக்கும் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 50 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கும் பையை 90 சென்டிமீட்டரில் கேரியரின் தலைமேல் கட்டினால், அதே எடை மூன்று மடங்குக்கு மேல் முரண்டு பிடிக்கும்.

ஹேண்டில்பாரிலும் இதே வர்க்கக் கணக்கு. ஹேண்டில் எந்த அச்சில் திரும்புகிறதோ அதிலிருந்து 25 சென்டிமீட்டர் முன்னால் தொங்கும் பை, முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்கை ஒட்டி 10 சென்டிமீட்டரில் இருக்கும் அதே எடைப் பையைவிட ஆறு மடங்கு மந்தமாகத் திரும்பும். அதனால் ஹேண்டில்பாரில் ஜெர்கின், துண்டு மாதிரி லேசானவை. பூட்டு, சார்ஜர், டூல் போன்ற கனமான சாமான்களுக்குச் சட்டத்தின் முக்கோணத்துக்குள் கட்டும் பைதான் சரியான இடம். பேட்டரியும் அங்கேதான் இருக்கிறது என்பதால் எடை ஓரிடத்தில் திரண்டு நிற்கும். சார்ஜ் போடும் துளையைப் பை மூடிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீட்டுக்குப் பின்னால் வால் போல நீட்டிக்கொண்டிருக்கும் பையும் உண்டு. கேரியரே தேவையில்லை என்பதால் பலருக்கும் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தப் பை ஒரு முறை இடம் வலம் தள்ளப்படுகிறது. பட்டை தளர்ந்து, பையின் இயல்பான ஆட்டமும் அந்தத் தாளத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போலத்தான். ஆட்டம் கூடிக்கொண்டே போகும். துணிமணி மட்டும் வைத்து, கல் மாதிரி இறுக்கிக் கட்டினால் பரவாயில்லை.

அப்புறம் அந்த போல்ட்.

கேரியரின் எடையை போல்ட்டின் தண்டு தாங்குகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போல்ட் நன்றாக இறுகியிருக்கும்போது தண்டுக்கு அந்த வேலையே கிடையாது. இறுக்கும்போது போல்ட் கொஞ்சம் நீளும். நீண்ட ரப்பரைப் போல அது கேரியர் காலையும் சட்டத்தையும் சேர்த்து நெருக்கும். அந்த நெருக்கத்தால் வரும் உராய்வுதான் சுமையைப் பிடிக்கிறது. 5 மில்லிமீட்டர் போல்ட்டை 5 நியூட்டன் மீட்டர் முடுக்கினால் நெருக்கும் விசை 5,000 நியூட்டன் போல வரும், கிட்டத்தட்ட 500 கிலோ. அதில் நூற்றுக்குப் பதினைந்து உராய்வு என்று வைத்தாலும் ஒரு போல்ட் 75 கிலோ வரை வழுக்காமல் பிடிக்கும். 5 கிலோ பை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 5 நியூட்டன் மீட்டர் என்பது கைக்கு எவ்வளவு? எல்-கீயின் 10 சென்டிமீட்டர் நுனியில் 5 கிலோ அழுத்தம் கொடுப்பது. சில வண்டிகளில் இந்த அளவைச் சட்டத்திலேயே அச்சடித்திருப்பார்கள். அதைத் தாண்டினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும்.

இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தால் கதை மாறிவிடும். உராய்வு தோற்று, கேரியர் கால் மயிரிழை அளவுக்கு முன்னும் பின்னும் வழுக்கத் தொடங்கும். குறுக்குவாட்டில் வரும் இப்படிப்பட்ட வழுக்கல்தான் போல்ட்டைத் தானாகவே கழற்றுகிறது என்று 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனை செய்து காட்டினார். ஒவ்வொரு வழுக்கலிலும் மரைகளுக்கு இடையிலிருந்த பிடிப்பு ஒரு கணம் விடுபடுகிறது. போல்ட் துளித்துளியாகத் திரும்புகிறது. நான் பார்த்த கறுப்புப் பொடி அந்த வழுக்கலில் அரைபட்டு ஆக்சைடாகிப்போன அலுமினியம். அதற்குப் பிறகு ஒவ்வொரு குழியும் தண்டின்மேல் சுத்தியலடி. பை டயரில் உரசக்கூடாது என்று நான் நான்கு வாஷரை அடுக்கி, நீள போல்ட் போட்டிருந்தேன். அது நெம்புகோலாகிப் போல்ட்டை வளைக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை. இப்போது ஒரே கெட்டியான குழாய்த்துண்டு வைத்து, மரையில் கழலாமல் பிடிக்கும் பசை விட்டு முடுக்கியிருக்கிறேன்.

பின்பக்க ஹப் மோட்டார் உள்ள வண்டியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மோட்டார் சக்கரத்தை முன்னால் சுற்றும்போது, அதே விசையோடு தன் அச்சைப் பின்னால் முறுக்கப் பார்க்கும். அந்த முறுக்கைத் தடுப்பது அச்சுத் துளையில் பதிந்திருக்கும் வாஷரும் நட்டும்தான். கேரியர் காலை அந்த நட்டுக்கு அடியில் செருகினால் நட்டுக்குக் கிடைக்கும் மரை குறைந்துபோகும். மோட்டார் ஒயரும் அங்கிருந்துதான் வெளியே வருகிறது. கால் அதை நசுக்கினால் வண்டி வெறும் சைக்கிளாகிவிடும். காலுக்கென்று இருக்கும் தனித் துளையில்தான் பூட்ட வேண்டும். கார்பன் சட்டமாக இருந்து துளையும் இல்லையென்றால், கிளாம்ப் போட்டு நெரிக்கவே வேண்டாம்.

ஸ்போக் கம்பிகளுக்கும் கொஞ்சம் கருணை காட்டலாம். சக்கரத்தின் அடியில் வரும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தளர்ந்து மறுபடி இறுகுகிறது. 50 கிலோமீட்டரில் ஏறத்தாழ 22,700 முறை. பின்னால் மோட்டார், நம் உடல், பை எல்லாம் சேர்ந்தால் தளர்ச்சி ஆழமாகும். கம்பி ஹப்பில் வளையும் முழங்கையில் சோர்ந்து ஒருநாள் முறியும். 3 கிலோவை ஃபோர்க்குக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும். ஒகேனக்கல் மாதிரி இறக்கங்களில் ஹேண்டில்பார் தானாக உதறும் நடுக்கமும் பின்னால் மட்டும் சுமை ஏற்றி, அது ஆடும்போதுதான் பெரும்பாலும் வருகிறது. வந்தால் பதறி பிரேக்கை இறுக்கிப் பிடிக்காமல், இரண்டு முழங்காலாலும் மேல்குழாயை நெருக்கிக்கொண்டு மெல்ல வேகத்தைக் குறைக்க வேண்டும். கால் சதை அந்த அதிர்வைக் குடித்துவிடும்.

கிளம்புவதற்கு முன் சைக்கிளைச் சாமானோடு ஒரு சாண் தூக்கித் தரையில் போட்டுப் பார்க்கிறேன். டயர் சத்தம் மட்டும் கேட்டால் சரி; 'கடக்' என்று ஏதாவது கேட்டால் மறுபடி அவிழ்த்துக் கட்டுவேன். போல்ட் தலையிலிருந்து சட்டம் வரை வெள்ளை நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். போல்ட் அரைக்கால் சுற்று திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். காவேரிப்பட்டணத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது முதல் பார்வை, பாலக்கோட்டில் இரண்டாவது. பென்னாகரத்தில், இறக்கத்துக்கு முன்னால், குனிந்து உட்கார்ந்து நான்கு கோடுகளையும் விரலால் தடவிப் பார்க்கிறேன்.